தரையில் தொண்ணூறு நாள்

இருபத்திரண்டு வருடம் நெடுந்தூர லாரி ஓட்டியவர் அவர். ஒருநாள் முதுகெலும்பில் தட்டு விலகி, சரக்கு இறக்கும் கொட்டகையிலேயே சுருண்டு விழுந்தார். "மூணு மாசம் வெறும் தரையில படுங்க. லாரி நெனப்பே கூடாது" என்றார் டாக்டர். உடம்பைப் படுக்கவைக்கலாம், நினைப்பை எப்படிப் படுக்கவைப்பது என்று கேட்க வாயெடுத்தார். வலி விடவில்லை.

வீடு என்பது ஓர் அறையும் ஒரு சமையலறையும்தான். மனைவி தையல்காரி. அவளுடைய மிஷினுக்குப் பக்கத்தில் அவருக்குப் பாய் விரித்தாள். அங்கே கிடந்தால் மிஷினின் அடிப்பக்கமும், மிதிகட்டையில் ஏறி இறங்கும் அவள் பாதங்களும்தான் தெரியும். இடது குதிகாலில் ஆழமான வெடிப்பு. எப்போதிருந்து என்று அவருக்குத் தெரியவில்லை. மாதத்தில் நாலு நாள் வீட்டுக்கு வந்து, அடித்துப் போட்டாற்போலத் தூங்குகிறவன் குதிகாலையா பார்ப்பான்?

முதல் இரண்டு வாரம் முள்மேல் கிடந்தார். மெயின் ரோட்டில் வண்டிச் சத்தம் கேட்டால், "பாரம் ஜாஸ்தி, திணறுறான்" என்பார்.

"எந்திரிச்சுப் போய்த் தள்ளுங்க" என்பாள் தைத்துக்கொண்டே.

பொழுது சாயும்போது அவள் மிஷினை நிறுத்திவிட்டுக் கண்ணை மூடி ஏதோ முணுமுணுப்பாள். ஒருநாள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். "எங்க இருக்காரோ, பத்திரமா கொண்டுவந்து சேத்துடு."

"நான் இங்கதானே கெடக்கேன். யாரக் கொண்டுவரச் சொல்ற?"

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "இங்கதான் கெடக்கீங்க. இன்னும் வந்து சேரலையே."

அவருக்குச் சுருக்கென்றது. மறுநாளிலிருந்து அவள் கண்ணை மூடும்போது அவரும் மூடினார். வேண்டிக்கொள்ளத் தெரியவில்லை. கண்ணுக்குள் ரோடுதான் ஓடியது. ஒருநாள் அது ஓரிடத்தில் நின்றது. மலை வளைவில், இரண்டு பாறைகளுக்கு நடுவே ஒரு சின்ன ஏரி. கண் இமைக்கும் நேரம்தான் தெரியும். எத்தனையோ நூறு தடவை அதைக் கடந்திருக்கிறார். ஒருமுறைகூட ஓரங்கட்டி இறங்கியதில்லை. பின்னால் ஹாரன், முன்னால் நேரக்கெடு. அடுத்த நடை பார்த்துக்கொள்ளலாம் என்றே காலம் போயிருந்தது.

துணி வெட்ட அவள் வைத்திருந்த பழுப்புக் காகிதத்தில் ஒரு துண்டு கேட்டு வாங்கி, அதை ஓர் அட்டையில் வைத்து, மல்லாந்தபடியே தலைக்குமேல் பிடித்து வரைந்தார். பேனா நாலு கோட்டில் நின்றுவிட்டது. மை மேல்நோக்கி ஏறுமா? அவள் தன் பென்சிலைக் கொடுத்தாள்.

"என்னது, கவுத்துவச்ச சட்டியா?"

"ஏரி."

"தண்ணி எங்க?"

நியாயமான கேள்வி. தண்ணீருக்காகவே ஒரு மாதம் போனது. அலை போட்டார், நிழல் போட்டார், கருப்பாகத் தேய்த்தார். தண்ணீரை வரைய வேண்டியதில்லை, கரையை ஒழுங்காக வரைந்தால் போதும், அது தானே வந்து நிற்கும் என்று ஒரு மதியம் புரிந்தது. கை வலித்தது, மூச்சு மட்டும் அடிவயிறுவரை இறங்கியது. யாரோ சத்தமில்லாமல் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாற்போல இருந்தது. அதற்கு என்ன பெயர் என்று அவருக்குத் தெரியவில்லை. மிஷின் ஓடிக்கொண்டிருந்தது.

வரைந்தால் ஆசை அடங்கும் என்று நினைத்தார். அதுவோ கிளைவிட்டு வளர்ந்தது. அந்தத் தண்ணீரில் ஒருமுறை காலை நனைத்துவிட்டு வந்தால் போதும் என்று இருந்தது.

தொண்ணூறாம் நாள் டாக்டர், "நடக்கலாம். நெடுந்தூர வண்டிய மறந்துடுங்க" என்றார். ஊருக்குள் ஓடும் சின்ன வேனைத் தருவதாக முதலாளி சொன்னார். சாவியை ஒப்படைக்க ஷெட்டுக்குப் போனவர், கடைசியாகத் தன் லாரியில் ஏறி, இன்ஜினைப் போடாமல் உட்கார்ந்திருந்தார். இத்தனை வருடத்தில் அந்த சீட்டில் சும்மா உட்கார்ந்ததே இல்லை. கண்ணாடிக்கு வெளியே செங்கல் சுவர். அதையே அரைமணி நேரம் பார்த்தார்.

"என்னய்யா, இறங்க மனசு வரலையா?" என்றார் முதலாளி கீழேயிருந்து.

"வருது. மெதுவா வருது."

பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தபோது மனைவி காகிதம் வெட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் மெல்ல உட்கார்ந்தார். "அந்த இடது காலக் கொஞ்சம் நீட்டு" என்றார்.

"எதுக்கு?"

"வரையத்தான்."

"வெடிப்ப விட்டுட்டு வரைங்க" என்று சொல்லி, காலை நீட்டினாள்.