தாழ்ப்பாள் சார்

கல்லூரியில் கணக்குப் பாடம் எடுப்பவருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் தாழ்ப்பாள் சார். மணி அடித்த கையோடு வகுப்புக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிடுவார். அதன்பிறகு முதல்வரே வந்தாலும் வெளியில் நிற்க வேண்டியதுதான். பெயர் காதில் விழுந்தபோது மனுஷருக்குக் கோபம் வரவில்லை. ஏதோ பட்டம் கொடுத்துவிட்ட மாதிரி உள்ளூரப் பூரித்துப்போனார்.

அந்த வருஷம் சேர்ந்த மாணவி ஒருத்தி கதவோரக் கடைசி பெஞ்சை விட்டு அசையமாட்டாள். பையை மடியைவிட்டு இறக்கமாட்டாள். தாழ்ப்பாள் சத்தம் கேட்டால் பேனாவைக் கீழே வைத்துவிடுவாள். திமிர் என்று முடிவு கட்டினார் சார். அவர் முடிவு கட்டினால் கட்டியதுதான்.

ஒருநாள் அவளை எழுப்பினார்.

"என்னம்மா, எப்படா ஓடலாம்னு பார்த்துக்கிட்டிருக்கியா? வா, முன்னாடி வா. இந்த மூலையில உட்காரு."

வகுப்பே சிரித்தது. அவரும் சிரித்தார். அவள் வந்து உட்கார்ந்தாள். பாதிக் கணக்கில் எழுந்து ஓடித் தாழ்ப்பாளோடு மல்லுக்கட்டினாள். அது திறக்கவில்லை. சார்தான் போய்த் திறந்துவிட்டார். "என்னா நடிப்பு!" என்று வேறு சொன்னார், அவள் காதுபடவே.

அதோடு அவள் வகுப்புக்கு வரவில்லை. மாணவர்களுக்கு ஆலோசனை சொல்லும் அம்மா, சாரைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"அவ சொல்லச் சொன்னதை மட்டும் சொல்றேன் சார். சின்ன வயசுல வீட்டுல ஒருத்தர் அவளை ரூம்ல போட்டுப் பூட்டிப் பூட்டி வச்சிருக்கார். மேல எதுவும் கேக்காதீங்க. கதவு திறந்திருந்தா வருவா. இல்லேன்னா படிப்பையே விட்டுடுவா."

வகுப்போடு சேர்ந்து தானும் சிரித்தது நினைவுக்கு வர, சாரை வெட்கம் பிடுங்கித் தின்றது. வீட்டில் குளிக்கப் போனவருக்குத் தாழ்ப்பாள் போடக் கை வரவில்லை. "கதவைச் சாத்திட்டுக் குளிங்களேன், கருமம்!" என்று மனைவி கத்தினார்.

மறுநாள் தன் நாற்காலியை இழுத்துப்போய், தானாகச் சாத்திக்கொள்ளும் அந்த வகுப்புக் கதவுக்கு முட்டுக் கொடுத்தார். முழங்கால் வலியோடு நின்றபடியே பாடம் நடத்தினார். தினமும் அப்படித்தான்.

அடுத்த வாரம் அவள் வந்தாள். கதவோரத்திலேயே உட்கார்ந்தாள். வகுப்பு முடிந்ததும் மன்னிப்புக் கேட்க அவர் அருகில் போனார். அவள் முந்திக்கொண்டாள்.

"சாரி சார். என்னாலதானே நீங்க நின்னுக்கிட்டே பாடம் எடுக்கறீங்க."

முட்டுக் கொடுத்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, அவள் போகும்வரை தலை நிமிராமல் நின்றார்.