இலை தின்கிறவனுக்குப் பெண்

பிரயூனை எங்கள் ஊரில் யாரும் போதைக்காரன் என்று சொன்னதில்லை. உழைப்பாளி என்றுதான் சொல்வார்கள். "கஞ்சாக்காரனுக்கு நாயைக்கூடக் கொடுக்காதே, இலை தின்கிறவனுக்குப் பெண்ணைக் கொடு" என்பது தெற்குத் தாய்லாந்தில் பழைய பேச்சு. சம்ரியெங் அவனுக்கு மனைவியாகக் கிடைத்ததே அந்தப் பேச்சினால்தான். களைப்புத் தெரியாமலிருக்கக் கிராத்தோம் மரத்து இலையை மென்றுகொண்டு, உச்சி வெயிலில் எண்ணெய்ப்பனைக் குலைகளை வெட்டித் தள்ளியவனைப் பார்த்து அவளுடைய அப்பா சம்மதித்தார். அதே தோட்டத்தில் குலை சுமந்தவன் நான்.

அப்போது நாளுக்கு ஐந்து இலை. நடு நரம்பைக் கிழித்து எறிந்துவிட்டுத்தான் மெல்வான். நரம்பை விழுங்கினால் குடலில் கட்டியாகத் திரளும் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். நரம்பைக் கிழித்துவிட்டால் கெடுதலே இல்லை என்றும் நம்பினோம்.

ஐம்பது வயதில் அது அறுபது இலையாகியிருந்தது. கன்னம் கருத்து, உடம்பு வற்றிவிட்டது. வயிறு நான்கைந்து நாள் இறுகிக்கொள்ளும். தண்ணீர் பட்டால் முள்ளாகக் குத்துகிறது என்று குளிக்கமாட்டான். மேகம் கூடினாலே போர்வை தேடுவான்.

மகள் காஞ்சனியைக் கேட்டுத் தனாகோன் என்ற பையன் வந்த அன்று நானும் அங்கிருந்தேன். அவனும் பனைக்குலை வெட்டுகிறவன்தான்.

"தம்பி, ஒரு நாளைக்கு எத்தனை இலை?" என்றான் பிரயூன்.

"பத்துதான் மாமா. நரம்பெல்லாம் கிழிச்சிருவேன்."

"நானும் அப்படித்தான் சொன்னேன். பொண்ணு கிடையாது."

சம்ரியெங்குக்குக் கோபம் வந்தது. "உங்களுக்கு மட்டும் எங்கப்பா எதைப் பாத்துக் குடுத்தாராம்? உழைக்கிற பையனைப் போய்..."

"நான் எங்கடி உழைச்சேன்? இலைதான் உழைச்சுது. அது இல்லைன்னா பாயை விட்டு எந்திரிக்க மாட்டேன்."

தனாகோன் சிரித்தான். "நீங்க விடுங்க மாமா, நானும் விட்டுர்றேன். யாரு முதல்ல கவுந்து விழுறாங்கன்னு பாப்போம்."

"சேவல் சண்டையா நடக்குது இங்க? என் கல்யாணம்" என்றாள் காஞ்சனி. "பத்து நாள். ரெண்டு பேரும் தொடக் கூடாது."

முதல் நாள் பிரயூனுக்குக் கண்ணும் மூக்கும் ஒழுகின. மறுநாள் கால்கள் தானாகவே உதறின. எலும்புக்குள் எறும்பு ஊர்கிறது என்றான். மூன்றாம் நாள் சோற்றுத் தட்டை வீசினான். நான்காம் நாள் காலை, வேலி தாண்டி என் வீட்டுக் கிராத்தோம் மரத்தடிக்கு வந்து நின்றான்.

"ஒண்ணே ஒண்ணு குடுடா."

எங்கள் ஊரில் இலை கேட்பவனுக்கு இல்லையென்பது வழக்கமில்லை. பறித்துக் கொடுத்தேன். இரக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

அவன் ஒளிக்கவில்லை. மென்ற வாயோடு மகள் முன்னால் போய் நின்றான். "முடியலம்மா."

காஞ்சனி தனாகோனுக்குப் போன் செய்தாள். "நீ?"

"முந்தாநாளே தின்னுட்டேன். வேலைக்குப் போகணும்ல?"

"அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன். நீயும் வா. அதுக்கப்புறம் கல்யாணத்தைப் பத்திப் பேசலாம்."

"இலைக்கெல்லாம் யாராவது ஆஸ்பத்திரிக்குப் போவாங்களா?" என்றான்.

"மாப்பிள்ளை போயிருவான்டி!" என்றாள் சம்ரியெங்.

"போகட்டும்மா."

ஒரேயடியாக விட வேண்டாம், குறைத்துக்கொண்டே வரலாம் என்றார் டாக்டர். இரண்டு மாதத்தில் அறுபது நாற்பதாகியிருக்கிறது. காஞ்சனி எண்ணித்தான் கொடுக்கிறாள். தனாகோன் அந்தப் பக்கமே வரவில்லை. அவனுக்கு வேறு ஊரில் பெண் பார்ப்பதாகக் கேள்வி.

நேற்று மழைக்கு முன் பிரயூன் வேலியோரம் வந்தான். அன்றைய நாற்பதும் தீர்ந்திருந்தது. இலை இல்லை என்றேன். தலைக்கு மேலே என் மரம் தழைத்து நின்றது. அவன் அதை அண்ணாந்து பார்த்தான். என் அம்மாவை இழுத்துத் திட்டினான். பிறகு நடுங்கிக்கொண்டே திரும்பிப் போனான்.