வாட்டர் பம்ப் மாற்றிய அன்று

ஓடைப்பட்டியில் எங்கள் வீட்டு வாசலில் வைத்து, பழைய காருக்கு நானே வாட்டர் பம்ப் மாற்றினேன். நான் சொன்னதும் ஸ்டார்ட் செய்ய மனைவியை டிரைவர் சீட்டில் உட்கார வைத்திருந்தேன். பம்ப்பைச் சுழற்றும் இன்ஜின் பெல்ட்டை மாட்டியதும் "ஆச்சு" என்று முணுமுணுத்தபடி, இறுக்கம் சரியா என விரலால் அழுத்திப் பார்த்தேன். அப்போது ஸ்பேனர் நழுவி விழுந்தது. எடுக்கக் குனிந்தேன். இன்ஜின் உறுமியது. விரல் இருந்த இடத்தில் பெல்ட் சுழன்றுகொண்டிருந்தது.

"ஆச்சுன்னு சொன்னீகல்ல, அதான் ஸ்டார்ட் பண்ணேன்" என்றாள்.

"ஆமா. ஆஃப் பண்ணு" என்றேன். பயமோ கோபமோ வரவில்லை. மதியம் சோற்றைப் பிசையாமல் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"குழம்பு புடிக்கலையா?" என்று கேட்டாள். நன்றாக இருப்பதாகச் சொன்னேன்.

இப்போதெல்லாம் பானெட்டைத் திறக்கும் முன் சாவியை என் சட்டைப் பையில் போட்டுக்கொள்கிறேன். ஏன் என்று அவளிடம் சொல்லவில்லை. இதைப் படித்துத்தான் தெரிந்துகொள்வாள்.