கோவிந்தா, இரண்டு முறை

சிவசங்கரனைப் பற்றிச் சித்தூர் மாம்பழக்கூழ்த் தொழிற்சாலையில் யாரைக் கேட்டாலும் முதலில் ஒன்றைத்தான் சொல்வார்கள்: அவர் கையெழுத்திட்ட தாளை இன்னொருவர் சரிபார்க்க வேண்டியதில்லை. கூழ் டின்கள் கண்டெய்னரில் ஏறிச் சென்னைத் துறைமுகம் போகும்போது கூடவே போகவேண்டிய ஆவணங்களைத் தயாரிப்பவர் அவர். அதில் ஓர் எழுத்துப் பிசகினாலும் சரக்கு துறைமுகத்திலேயே நின்றுவிடும். அவர் காலத்தில் அப்படி நின்றதில்லை. தமக்கு இப்படி ஒரு பெயர் இருப்பதை அவரும் அறிவார். சட்டைப் பையில் பேனாவைச் செருகிக்கொள்வதுபோல அந்தப் பெயரையும் தினமும் செருகிக்கொண்டுதான் வீட்டை விட்டுக் கிளம்புவார்.

வீடு திருப்பதியில். பல ஆண்டுகளாகக் காலைப் பேருந்தில் சித்தூர் போய் மாலைப் பேருந்தில் திரும்பியவர். சென்ற சித்திரையில் அவர் மனைவி கன்னிகா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள். அவள் எழுந்து நடமாடும்வரை வீட்டிலிருந்தே வேலை பார்க்க மேலாளர் கிருஷ்ணப்பா அனுமதித்தார். வீட்டுக் கணினியிலிருந்து இணையம் வழியே சித்தூர் அலுவலகச் சர்வருக்குள் நுழைந்து, தம் மேசையில் உட்கார்ந்து செய்யும் வேலையை அப்படியே செய்யலாம்.

அந்த வசதி வந்த புதிதில் ஊழியர்களுக்கு எச்சரிக்கை எழுதிக் கொடுத்தவரும் அவர்தாம். “பாஸ்வேர்டாகத் தம் பெயரையோ, பிள்ளைகளின் பெயரையோ, இஷ்ட தெய்வத்தின் பெயரையோ வைத்துக்கொள்ளலாகாது” என்று தொடங்கும் அந்தச் சுற்றறிக்கை இன்றும் சர்வர் அறையின் கதவில் ஒட்டியிருக்கிறது.

மாங்காய்ப் பருவம் உச்சத்துக்கு வந்தபோது தொல்லை தொடங்கியது. காலையில் எல்லாம் ஒழுங்காக ஓடும். மாலை நான்கு மணி ஆனால் போதும், மவுஸை நகர்த்தினால் திரையில் உள்ள அம்புக்குறி யோசித்து யோசித்து நகரும். ஓர் எழுத்தைத் தட்டினால், தட்டியதை விரல் மறந்த பிறகு எழுத்து வந்து விழும். ஆவணம் திறப்பதற்குள் கன்னிகாவுக்குக் காபி கலந்து கொடுத்து, டம்ளரையும் கழுவி வைத்துவிடலாம்.

சிவசங்கரன் பதறவில்லை. முறைப்படி ஆராய்ந்தார். கணினியை அணைத்துப் போட்டார். ரூட்டரை அணைத்துப் போட்டார். கம்பிகளைக் கழற்றித் துடைத்துச் செருகினார். காலையில் இணைய வேகத்தை அளந்தார்; குறையில்லை. வீட்டு இணைப்பில் பழுது இருந்தால் நாள் முழுதும் அல்லவா இருக்க வேண்டும்? நான்கு மணிக்கென்று அது காத்திருக்குமா? ஆகவே பழுது சித்தூரில் இருக்கிறது. இவ்வாறு முடிவு கட்டிக்கொண்டு, சர்வரைப் பராமரிக்கும் துர்காதேவியைத் தொலைபேசியில் அழைத்தார். அவள் நகரியைச் சேர்ந்தவள், விசைத்தறி ஓட்டுபவரின் மகள். வேலைக்கு வந்து அதிக காலம் ஆகவில்லை. பணி நிரந்தர ஆணைக்காகக் காத்திருந்தாள்.

“நாலு மணிக்கு சர்வர்ல என்னம்மா நடக்குது?”

“நாலு மணிக்கா சார்? பேக்கப் ஓடும். அன்னன்னிக்கு வேலையை வேற டிஸ்க்குல காப்பி எடுத்துக்கினு இருக்கும்.”

திருடனைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்ட நிறைவு அவருக்கு. “அதான் எனக்கு இழுக்குது.”

“இல்ல சார், அது ரொம்ப நாளா ஓடிக்கினுதான் கீது. சென்னைல வேலை பாக்கற சுதீர் சாரும் அந்த நேரத்துக்குத்தான் சர்வருக்குள்ள வராரு, அவருக்கு நல்லா வருது. உங்க ஊட்டு லைனை ஒருக்கா பாருங்க சார். வைஃபை பாஸ்வேர்டு வேற யாருக்குனா குடுத்துகிறீங்களா?”

“உன் ரூம் கதவுல ஒட்டியிருக்கிற சுற்றறிக்கையை எழுதினது யாருன்னு தெரியுமாம்மா?”

“தெரியும் சார்.”

“தெரிஞ்சும் என்னைப் பார்த்துக் கேக்கறியே.”

“சரி சார்,” என்றாள் அவள். அந்தச் ‘சரி’யைத் தம் வாதத்துக்குக் கிடைத்த ஒப்புதலாக எடுத்துக்கொண்டு, கிருஷ்ணப்பாவுக்கு அவர் ஒரு மெயில் எழுதினார். வேலை நேரத்தில் பேக்கப் ஓட்டுவது பொறுப்பின்மை என்றும், சுட்டிக்காட்டியபோது பழியை ஊழியர் வீட்டின்மேல் போடுவது அதனினும் பொறுப்பின்மை என்றும் அதில் இருந்தது. மொழி கண்ணியமாகவே இருந்தது. அலுவலகத்தில் மெயில் முகவரி உள்ள அனைவருக்கும் அதன் நகலைச் சேர்த்து அனுப்பினார்.

கிருஷ்ணப்பா விசாரிக்கவில்லை. சிவசங்கரன் எழுதினால் விசாரிக்கும் வழக்கம் அங்கே இல்லை. பேக்கப்பை இரவுக்கு மாற்றச் சொன்னார். துர்காதேவியை எடைமேடைக்கு அனுப்பி, மாங்காய் ஏற்றி வரும் டிராக்டர்களுக்கு டோக்கன் கொடுக்கச் சொன்னார். அவளுடைய நிரந்தர ஆணையும் தலைமை அலுவலகத்திலேயே நின்றுபோனது. செய்தி கேட்ட சிவசங்கரன், “பாவம், சின்னப் பொண்ணு. போகப் போகக் கத்துக்குவா” என்று கன்னிகாவிடம் சொன்னார்.

ஆனால் ஒரு வாரம் கழிந்தும், நான்கு மணி ஆனால் அம்புக்குறி முன்போலவே யோசித்து நகர்ந்தது. பேக்கப்பை உண்மையிலேயே மாற்றினார்களா என்று சந்தேகப்பட்டார். இரண்டாவது மெயிலுக்கு மனத்துக்குள் வாக்கியம் அமைத்துக்கொண்டிருந்த வேளையில் வாசலில் செங்கம்மாவின் குரல் கேட்டது. அடுத்த வீட்டு மாடியில் இருப்பது பயிற்சி மாணவர்கள் தங்கும் விடுதி. செங்கம்மா அங்கே சமையல் செய்பவள். கையில் மூடிய டப்பா.

“கன்னிகாக்கா, கேசரி. சூடாத் துன்னுங்க. எங்க பசங்களுக்கு ரிசல்ட் வந்துகிச்சு, நல்ல மார்க்கு. மொதல்ல அண்ணனுக்குக் குடுத்துட்டு வான்னு அனுப்பிச்சாங்க.”

“எனக்கு எதுக்கும்மா?” என்றார் சிவசங்கரன்.

“நீங்க நெட்டு தர்மம் பண்றீங்களே அண்ணா. எங்க ஹாஸ்டல் நெட்டு எப்பவும் படுத்துக்கினு கீது. கிளாசு உட்டு நாலு மணிக்கு வந்தானுங்கன்னா, அத்தினி பேரும் உங்க நெட்டுலதான் வீடியோ பாத்துப் படிக்கிறானுங்க.”

“நான் யாருக்கும் குடுக்கலையே.”

“அடக்கமாப் பேசறாரு பாருக்கா. ஒரு பையன் சும்மா கோவிந்தான்னு போட்டுப் பாத்தானாம், தெறக்கல. மலை ஏறும்போது ரெண்டு வாட்டி தானே கூவுறோம்னு கோவிந்தா கோவிந்தான்னு போட்டானாம், தெறந்துகிச்சாம். அன்னதானம் மாதிரி, சாமி பேரைச் சொல்றவங்களுக்குல்லாம் அண்ணன் உட்டு வெச்சிகிறாருன்னு பசங்க பேசிக்கினானுங்க.”

கட்டிலில் சாய்ந்திருந்த கன்னிகா இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “ஐயோ, சிரிக்க வெக்காதடி, வலிக்குது. ஏங்க, உங்க சுற்றறிக்கை கோவிந்தாவா?”

சிவசங்கரன் சிரிக்கவில்லை. ரூட்டர் பொருத்த வந்தவன் பாஸ்வேர்டு என்ன வைக்கலாம் என்று கேட்ட நாள் நினைவுக்கு வந்தது. கன்னிகாவை மருத்துவமனையிலிருந்து அழைத்து வந்த வாரம் அது. வேறு சொல் எதுவும் நாவில் வரவில்லை. ஆங்கிலத்தில் ஏழு எழுத்துத்தான் வருகிறது, குறைந்தது எட்டு வேண்டும் என்றான் அவன். அப்படியானால் இரண்டு தடவை போட்டுக்கொள் என்றார் இவர். திருப்பதியில் குடியிருக்கும் எவனும் முதலில் முயன்று பார்க்கக்கூடிய சொல். அது திறக்காவிட்டால் இரண்டாவதாக முயல்வதும் அதுவே.

செங்கம்மா போனதும் பாஸ்வேர்டை மாற்றினார். மாடியிலிருந்து ஒரு குரல், “டேய், கோவிந்தா போச்சுடா” என்றது. அவர் கணினிக்கு முன் உட்கார்ந்தார். சர்வர் திறந்தது. எழுத்துகள் தட்டத் தட்ட உடனுக்குடன் விழுந்தன. இத்தனை நாள் எதற்காக ஏங்கினாரோ, அந்த வேகத்தைப் பார்க்க இப்போது அவருக்குக் கண் கூசியது.

அந்த நேரம் பார்த்துக் கிருஷ்ணப்பா அழைத்தார். தெலுங்கும் தமிழும் கலந்துதான் அவர் பேசுவார். “சார், ஸ்பீடு எலா உந்தி? இப்ப நல்லா இருக்கா?”

“நல்லா இருக்கு.”

“சூசாரா! மீரு செப்பிந்தே கரெக்ட். நீங்க சொன்னதுதான் சரி. அந்தப் பொண்ணை மாத்துனதும் சரியாப் போச்சு பாருங்க.”

சொல்வதற்கு வாயைத் திறந்தார் சிவசங்கரன். வெளியே வந்த சொல் “ஆமாம்” என்பதாக இருந்தது.

மெயில் எழுதியதாவது அறியாமல் செய்த பிழை. இந்த ஆமாம் அப்படிப்பட்டதன்று, அறிந்து சொன்னது. தொலைபேசியை வைத்துவிட்டுத் திரும்பியபோது கன்னிகா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் சிரிப்பு இல்லை.

“ஆமான்னு சொன்னீங்களே,” என்றாள்.

கேசரி டப்பாவை எடுத்துக்கொண்டு அவர் சமையலறைக்குள் போய்விட்டார். அங்கே செய்வதற்கு வேலை எதுவும் இல்லை.

காலையில் அவளே பேச்சை எடுத்தாள். “செங்கம்மாவை வந்து பக்கத்துல இருக்கச் சொல்லியிருக்கேன். நீங்க சித்தூர் போயிட்டு வாங்க. போன்ல சொன்னா மறுபடியும் ஆமான்னுதான் சொல்லுவீங்க.”

தொழிற்சாலை வாசலில் டிராக்டர்கள் நீண்டு நின்றன. தோத்தாபுரி மாங்காயின் புளிப்பு வாடையும் டீசல் புகையும் கலந்து வந்தன. எடைமேடைக்குப் பக்கத்துத் தகரக் கொட்டகையில் தலையில் துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு துர்காதேவி டோக்கன் கிழித்துக்கொண்டிருந்தாள். முன்னால் மேசையில் ஒரு பழைய கணினி. அவரைக் கண்டதும் எழுந்து நின்றாள்.

“வாங்க சார். அம்மா எப்படிகிறாங்க? நடக்கிறாங்களா?”

பேருந்தில் வரும்போது அவர் அடுக்கி வைத்திருந்த வாக்கியங்கள் எல்லாம் அந்த விசாரிப்பில் கலைந்துபோயின. கோளாறு தம் வீட்டில்தான் இருந்தது என்றார். அடுத்த வீட்டு மாடி முழுவதும் தம் இணைப்பைப் பயன்படுத்திக்கொண்டிருந்தது என்றார். நேற்று மேலாளரிடம் அதைச் சொல்லாமல் மறைத்ததையும் சொன்னார்.

“பாஸ்வேர்டு என்னா வெச்சிருந்தீங்க சார்?”

அவர் சுற்றிலும் பார்த்துவிட்டுத் தணிந்த குரலில் சொன்னார்.

“ஒரு வாட்டியா, ரெண்டு வாட்டியா?”

“ரெண்டு.”

சிரிப்பு வந்து அவள் உதட்டைத் தொட்டது. தொட்டதோடு போய்விட்டது.

“எங்க நைனா தினிக்கும் கேட்டுக்கினே கீறாரு சார், என்னா தப்பு பண்ணேன்னு. எனக்கே தெரியல, என்னான்னு சொல்றது? பெருசா எதுவோ பண்ணிட்டு மறைக்கிறேன்னு நெனச்சுக்கினாரு. ஒரு வாரமா எங்கூடப் பேசறதில்ல.”

சிவசங்கரன் கொட்டகையின் தகரத்தைப் பிடித்துக்கொண்டார். வெயிலில் அது சுட்டது. கையை எடுக்கவில்லை.

“இப்பவே கிருஷ்ணப்பாகிட்டப் போய்ச் சொல்லிடறேன்மா.”

“ரூம்ல சொன்னா அவருக்கு மட்டும் தெரியும் சார். நீங்க எல்லாருக்கும் போட்டீங்க.”

அவருக்கு விளங்கியது. கணினியைக் காட்டி, உட்காரலாமா என்று கேட்டார். அவள் நாற்காலியை நகர்த்திக் கொடுத்தாள். “என் வீட்டு இணைப்பில் எதிர்பாராமல் நேர்ந்த ஒரு காரணத்தால்” என்று எழுதத் தொடங்கினார். டோக்கன் கிழிக்கும் இடைவெளியில் எட்டிப் படித்த துர்காதேவி, “என்னா காரணம்னு கேப்பாங்க சார்” என்று மட்டும் சொன்னாள். அவர் அதை அழித்தார். தெய்வத்தின் பெயரைப் பாஸ்வேர்டாக வைத்தது, அதை ஊரார் எளிதில் யூகித்தது, வீட்டு இணைப்பைப் பார்க்கும்படி துர்காதேவி முதல் நாளே சொல்லியும் தாம் கேளாமல் அவளைக் குற்றம் சாட்டியது, உண்மை தெரிந்த பின்னும் மேலாளரிடம் ஆமாம் என்றது ஆகியவற்றை வரிசையாக எழுதினார். பாஸ்வேர்டையும் எழுதினார், இரண்டு முறையும். பழைய மெயில் போனவர்கள் ஒருவரும் விடுபடாமல் பார்த்து அனுப்பினார்.

“எழுந்துக்கறீங்களா சார்? வண்டிங்க நிக்குது.”

கிருஷ்ணப்பா அதற்குள் படித்திருந்தார். சிவசங்கரன் அறைக்குள் போனபோது உட்காரச் சொல்லவில்லை. வேண்டுமென்று செய்யவில்லை, மறந்துவிட்டார்.

“மீ சந்தகம் உண்டே நேனு சதவனு கூட சதவனு சார். உங்க கையெழுத்து இருந்தா நான் படிக்கறதுகூட இல்லை. அந்தப் பொண்ணைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேக்கலை.” மேசைமேல் இருந்த நாட்காட்டியைத் தம் பக்கம் திருப்பினார். “திங்கக்கிழமை அவ சர்வர் ரூமுக்குத் திரும்பிடுவா. ஆர்டருக்கு நான் மறுபடி எழுதறேன். எப்ப வரும்னு என்னால சொல்ல முடியாது.”

வெளியே வந்தபோது எழுத்தர்கள் தத்தம் திரைகளை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரோ இருமினார்கள், அது இருமல்தானா என்று அவர் திரும்பிப் பார்க்கவில்லை. எடைமேடையைத் தாண்டும்போது துர்காதேவியிடம் திங்கட்கிழமைச் செய்தியைச் சொன்னார். “நைனாகிட்ட மெயிலைக் காட்டறேன் சார்,” என்றாள். சிவசங்கரனின் பெயரை மட்டும் பார்த்து நம்பிவிடாமல், அதன் கீழே உள்ளதை ஒருவர் முழுதாகப் படிக்கப் போகிறார்.

மாலைப் பேருந்து சந்திரகிரியைத் தாண்டியது. மலை கண்ணில் பட்டதும், மஞ்சள் துணி கட்டிய யாத்திரிகர் கூட்டம் எழுந்து கோவிந்தா கோவிந்தா என்று கூவியது. இத்தனை வருடப் பயணத்தில் அந்தக் கூவலுக்குக் கைகூப்பிக் குரல் கொடுக்காமல் சிவசங்கரன் இருந்ததில்லை. இன்று மடியில் கைகளை வைத்தபடி குனிந்திருந்தார்.

“ஏன் சாமி, நீங்க கோவிந்தா போட மாட்டீங்களா?” என்றார் பக்கத்து இருக்கைக்காரர்.

“காலையில போட்டுட்டேன்பா,” என்றார் சிவசங்கரன். “எல்லாருக்கும்.”