பட்டியலில் மூன்றாவது

செலவு கையைக் கடிக்கக்கூடாது. ஆனால் ஊரின் பெயரைச் சொன்னதும் கேட்கிறவன் வாயைப் பிளக்க வேண்டும். எங்கள் சுற்றுலாவுக்கு நண்பர்கள் வைத்த விதி இவ்வளவுதான்.

மொத்தம் மூன்று பேர். கல்லூரியில் ஒரே பெஞ்சு. ஒருவனுடைய அப்பாவுக்கு நகரத்தில் ஜவுளிக்கடை இருக்கிறது. அதனால் அவனுக்கு ஜவுளி என்றே பெயர். இன்னொருவன் பள்ளிவாசல் தெருக்காரன். அவனுடைய அத்தா கடிகாரம் பழுதுபார்க்கிறார். ஊரைத் தேடிக் கண்டுபிடிக்கும் வேலையை இருவரும் என் தலையில் கட்டினார்கள். "நீதான்டா புத்தகப் புழு. பாத்து முடிச்சு வை, நாங்க வந்து கையெழுத்துப் போடுறோம்" என்றான் ஜவுளி.

எனக்கு எதையும் விளையாட்டாகச் செய்யத் தெரியாது. எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். எந்த வேலையைக் கொடுத்தாலும் பரீட்சைக்குப் படிப்பதைப் போலத்தான் செய்வேன். வியட்நாம், பாலி, தாய்லாந்து, இலங்கை, மலேசியா என்று வரிசையாக எழுதினேன். விமானக் கட்டணம், விசா, தங்குமிடம், மழைக்காலம் என்று கட்டம் போட்டேன். வேலை முடிந்து வந்து இரண்டு வாரம் இதிலேயே கிடந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், ஒத்தக்கடையில் நாங்கள் வழக்கமாக உட்காரும் டீக்கடையில், என் இரண்டு வார உழைப்பை இரண்டு டீ நேரத்தில் முடித்து வைத்தார்கள்.

"இலங்கையா? அங்க போயும் இட்லியத்தான் திங்கணும். கட் பண்ணு."

"தாய்லாந்துன்னு சொன்னா எங்கம்மா செருப்பக் கழட்டும்டா" என்றான் பள்ளிவாசல் தெருக்காரன்.

"பாலி நம்ம பட்ஜெட்ல இல்ல. வியட்நாம்ல என்ன இருக்கு?"

"நான் எழுதியிருக்கேன்டா, நாலாவது பக்கம்."

"நாலு பக்கம் எவன் படிப்பான்?"

மிச்சம் மலேசியா. விசா எடுக்கும் தொல்லை இல்லை, டிக்கெட்டும் மலிவு. ஜவுளி உடனே கைப்பேசியில் எவனோ போட்ட வீடியோ ஒன்றைத் திறந்தான். ஐந்து நாளில் தவறவிடக்கூடாத பத்து என்று ஒரு பட்டியல். முதலாவது, இரட்டைக் கோபுரத்தின் உச்சி. இரண்டாவது, குகைக் கோயில். மூன்றாவது, தெருவோரக் கடையில் மாஸ்டர் ரொட்டி வீசுவதைப் பக்கத்தில் நின்று படம் பிடிப்பது.

அந்த மூன்றாவதில் என் கண் நின்றது. என் அப்பா மலேசியாவில் ஆறு வருடம் ரொட்டி வீசியவர். நான் மூன்றாம் வகுப்பில் இருக்கும்போது போனார், ஒன்பதாம் வகுப்பில் இருக்கும்போது வந்தார். நடுவில் ஒரே ஒரு முறை ஊருக்கு வந்து போனார். இப்போது திருமங்கலத்தில் ஒரு பரோட்டாக் கடையில் மாஸ்டர். அந்த ஆறு வருடத்துக்கு எங்கள் வீட்டில் இருக்கும் அடையாளம் கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு புகைப்படம். இரட்டைக் கோபுரம் பின்னால் வானத்தைத் தொட, முன்னால் அப்பா கோட்டு மாட்டிக்கொண்டு நிற்பார். சட்டம் போடுவதற்கு முன் அதை நான் நோட்டுக்குள் வைத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோயிருக்கிறேன். வகுப்பு முழுக்கக் கைமாறி, ஓரம் அழுக்காகித் திரும்பி வந்தது. விமானத்தில் ஏறிய அப்பா என் வகுப்பில் எனக்கு மட்டும்தான் இருந்தார்.

"டேய், உங்கப்பாதான் அங்க இருந்தாருல்ல! போனப் போடு, கூகுளவிட அவருக்கு நல்லாத் தெரியும்" என்றான் ஜவுளி.

அந்த நேரத்தில் அப்பா மாவு பிசைந்துகொண்டிருப்பார். தெரிந்தும் போட்டேன். பெருமையாகத்தான் இருந்தது. ஸ்பீக்கரில் போடச் சொன்னார்கள், போட்டேன்.

"என்னய்யா இந்நேரத்துல? ஆருக்கும் ஒண்ணும் இல்லையே?"

"ஒண்ணுமில்லப்பா. பயலுகளோட மலேசியா போலாம்னு இருக்கோம். என்னென்ன பாக்கலாம்னு கேக்குறாங்க."

மாவு அடிக்கும் சத்தம் நின்றது. "மலேசியாவா? நல்ல ஊருய்யா. ரோடெல்லாம் சுத்தமா இருக்கும்."

"அங்கிள், டவர் மேல ஏற முன்னாடியே டிக்கெட் எடுக்கணுமா?"

"தெரியலையே தம்பி. நான் உள்ள போனதில்ல."

"குகைக் கோயிலு?"

"தைப்பூசத்துக்குக் கூட்டம் அள்ளும்பாக. அன்னைக்குத்தேன் நமக்குக் கடையில நிமிர முடியாது."

"பீச்சு எது நல்லாருக்கும்?"

"பீச்சுப் பக்கம் போகலையே."

ஜவுளி என்னைப் பார்த்துக் கண்ணடித்தான். "அப்ப ஆறு வருசமா என்னதான் அங்கிள் பாத்தீங்க?"

அப்பா அதை நிஜமான கேள்வி என்றே எடுத்துக்கொண்டார். யோசித்துப் பதில் சொன்னார். அதை நினைத்தால்தான் எனக்கு இப்போதும் உடம்பு எரிகிறது.

"ரொட்டிக் கல்லத்தேன் பாத்தேன் தம்பி. பாஸ்போர்ட்டு மொதலாளிகிட்ட இருக்கும். கையில அது இல்லாம வெளிய சுத்துனா போலீசு புடிச்சுக்கிருவான். கடைக்கு மேலயே ரூம்பு. எறங்குனா கடை, ஏறுனா ரூம்பு, அம்புட்டுத்தேன். ஆனா நம்மளப் பாக்க ஆளு வருவாக. ரொட்டிய வீசுறப்ப வெள்ளக்காரக, சீனாக்காரக எல்லாம் நின்னு வீடியோ எடுப்பாக. என் மூஞ்சி எந்தெந்த நாட்டுல கெடக்கோ."

"ஆனா டவர் முன்னாடி நிக்கிற போட்டோ உங்க வீட்டுல பாத்தேனே அங்கிள்?"

"அதா..." என்று இழுத்தார். "அது கடைக்கு எதுக்க ஒரு ஸ்டுடியோ தம்பி. பின்னாடி படம் போட்ட திரையத் தொங்க விட்டிருப்பான். கோட்டும் அவனே குடுப்பான்."

ஜவுளி மேசையில் தட்டிச் சிரித்தான். பள்ளிவாசல் தெருக்காரனுக்கு டீ புரையேறியது.

நானும் சிரித்தேன்.

இதை எழுதாமல் விட்டுவிட்டு, என் நண்பர்களை மட்டும் திட்டியிருக்கலாம். படிக்கிறவர்களுக்குத் தெரியவா போகிறது? ஆனால் சிரித்தேன். பதினைந்து வருடம் சுவரில் பார்த்த கோபுரம் ஒரு துணி என்று தெரிந்த நொடியில் என் வாயிலிருந்து வந்தது சிரிப்புதான். அவர்கள் சிரிக்கும்போது நான் மட்டும் சும்மா இருந்தால் அந்தத் துணிக்கு முன்னால் நிற்பவனின் மகன் ஆகிவிடுவேன் என்ற பயம். அதைவிட நல்ல காரணம் ஒன்றை இத்தனை நாள் தேடியும் எனக்குக் கிடைக்கவில்லை.

"சரிய்யா, மாவு காயுது. வைக்கிறேன்" என்றார் அப்பா. வைத்துவிட்டார்.

"செம காமெடிடா உங்கப்பா" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டான் ஜவுளி. "சரி, மலேசியா ஃபிக்ஸ். நான் ஓட்டெடுப்புப் போடுறேன்." எங்கள் வாட்ஸ்அப் குழுவில் அப்போதே போட்டான். இரண்டு ஓட்டு விழுந்தது.

"மலேசியா வேண்டாம்" என்றேன்.

"ஏன்டா? உங்கப்பாவே நல்ல ஊருங்கிறாரு."

"அந்த மூணாவதை மொதல்ல எடு. ரொட்டி போடுற ஆளு என்ன, மிருகக்காட்சிச் சாலையில இருக்காரா? பாஸ்போர்ட்டப் புடுங்கி வச்சிருந்திருக்கான், ஆறு வருசம். அத ஒருத்தர் சொல்லிக்கிட்டிருக்காரு, உனக்குக் காமெடியா இருக்கு?"

"மாப்ள, எதுக்கு இப்பக் கத்துற? நீயுந்தான சிரிச்ச?"

என் கோபத்தின் கழுத்தைப் பிடித்து ஜவுளி ஒரே வார்த்தையில் உட்கார வைத்துவிட்டான். பள்ளிவாசல் தெருக்காரன் கிளாசைப் பார்த்தபடி, "எங்க சாச்சாவும் சவுதில அப்படித்தான் இருந்தாரு. வீட்டுல அதப் பேசவே மாட்டாரு" என்றான். பிறகு, ஓட்டை மாற்றிப் போடுவான் என்று பார்த்தேன். போடவில்லை.

எழுந்து வந்துவிட்டேன். ஒரே ஒரு விஷயம்தான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. அப்பா காதில் என் சிரிப்பு விழுந்ததா? போனில் கேட்கக் கூடியதா அது?

மாட்டுத்தாவணியில் விருதுநகர் பஸ் நின்றது. "திருமங்கலம் உள்ள போகாது, பைபாஸ்ல எறங்கிக்கிறதுனா ஏறு" என்றார் கண்டக்டர். "அதென்னண்ணே, இம்புட்டுப் பெரிய ஊருக்குள்ள போறதுக்கு உங்களுக்கு வலிக்குதா?" என்று அவரிடம் பாய்ந்தேன். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. பாவம், அவர் என்ன செய்தார்? பைபாஸில் இறங்கி, லாரிப் புழுதியில் ஊருக்குள் நடந்தேன். நடக்கும்போது எல்லோர் மேலும் கோபம் வந்தது. பாஸ்போர்ட்டை வாங்கி வைத்தவன் மேல். துணியைத் தொங்கவிட்டவன் மேல். ஆறு வருடம் ஒரு வார்த்தை சொல்லாமல், கோட்டு மாட்டிக்கொண்டு சிரித்த அப்பா மேலும்.

போய்ச் சேர்ந்தபோது விளக்குப் போட்டிருந்தார்கள். சாயங்கால வியாபாரம் தொடங்கிவிட்டது. அப்பா கல்லுக்கு முன்னால் நின்றார். என்னைப் பார்த்ததும் ஆச்சரியப்படவில்லை. தலையை ஆட்டி, பக்கத்து பெஞ்சைக் காட்டினார்.

"ஊரு முடிவாயிருச்சா?"

"அவனுக மலேசியாங்குறானுக. நான் போகலப்பா."

"ஏன்? காசு கொறையுதா?"

"இல்ல. அவனுக உங்களப் பாத்து சிரிச்சானுக. எனக்குப் புடிக்கல."

அப்பா ஒரு உருண்டையை எடுத்துக் கல்லில் தட்டி, விரித்து, வீசினார். அது காற்றில் விரிந்து, துணிபோல மெலிந்து இறங்கியது. என் வாழ்நாளில் ஆயிரம் முறை பார்த்ததுதான். அன்றைக்கு நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"சிரிச்சது ரெண்டு பேரா?" என்று கேட்டார். "எனக்கு மூணு பேரு மாதிரி கேட்டுச்சு."

கடையில் ஒருவர் சால்னா கேட்டுச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். அப்பா அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"மூணு பேருதான்ப்பா."

வெந்த பரோட்டாக்களை அடுக்கி, இரண்டு பக்கமும் உள்ளங்கையால் அடித்தார். வழக்கத்தைவிடப் பலமாக அடித்தாரா, எனக்குத்தான் அப்படிக் கேட்டதா, தெரியாது. இரண்டை என் இலையில் போட்டார்.

"அடுத்த தடவ சிரிக்கிறதுக்கு முன்னாடி ஸ்பீக்கர அமத்திரு" என்றார். பிறகு சால்னா கேட்டவரிடம் போனார். மன்னிப்புக் கேட்பதற்கு அவர் எனக்கு இடமே தரவில்லை. சூட்டோடு தின்றேன்.

அன்றைக்கே குழுவில் எழுதினேன். லீவு இல்லை, உடம்பு சரியில்லை என்று சாக்குச் சொல்லவில்லை. என் அப்பா ஆறு வருடம் பாஸ்போர்ட் இல்லாமல் அடைபட்டுக் கிடந்த ஊரை நான் கோபுர உச்சியிலிருந்து பார்க்க விரும்பவில்லை, அவரைக் கேலி செய்தது தவறு, அதில் நானும் சேர்ந்ததுதான் பெரிய தவறு என்று முழுதாக எழுதினேன். ஜவுளி கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்பினான். பள்ளிவாசல் தெருக்காரன் படித்ததற்கு அடையாளம் மட்டும் தெரிந்தது.

இருவரும் போனார்கள். மூன்றாம் நாள் ஜவுளியிடமிருந்து ஒரு வீடியோ. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஒருவர் ரொட்டி வீசுகிறார். என் வயதுதான் இருக்கும். நம் பக்கத்து முகம். கேமராவைப் பார்த்ததும், பழகிய ஒரு சிரிப்புச் சிரிக்கிறார். அடியில், "மாப்ள, மூணாவது முடிஞ்சுச்சு!" என்று எழுதியிருந்தான்.

அவர் பேர் என்ன, எந்த ஊர் என்று கேட்டாயா என்று திருப்பி எழுதினேன்.

"எதுக்குடா?" என்று பதில் வந்தது.