தட்டில் ஆறு ரோல்

கடையின் இரண்டாவது மாடியில், தொலைக்காட்சிப் பெட்டிகளுக்கும் சலவை இயந்திரங்களுக்கும் நடுவே ஒரு மேசை. அதன் பின்னால் அவள் இரண்டு வருடமாக நின்றுகொண்டிருந்தாள். கடைக்காரர்கள் அவளை ஃபிரையர் அக்கா என்றார்கள். ஆனால் அவள் கடையின் ஆள் அல்ல. சூடான காற்றிலேயே பொரிக்கும் ஏர் ஃபிரையர் செய்யும் கம்பெனிக்காக ஓர் ஏஜென்சி அவளை அங்கே நிறுத்தியிருந்தது. காலை பதினொன்று, மதியம் ஒன்று, மாலை நான்கு, ஆறு. ஒரு நாளைக்கு நான்கு முறை பழ ரோல் செய்து காட்ட வேண்டும். ஒரு முறைக்கு ஆறு ரோல்.

அதற்கு முன் பதினொரு வருடம் பிஸ்கட் ஃபாக்டரியில் பாக்கிங் பிரிவில் இருந்தாள். பாக்கெட்டின் வாயை ஒட்டும் சூட்டுப் பட்டை ஒரு நாள் அவளுடைய வலது கட்டைவிரலையும் சேர்த்து ஒட்டப் பார்த்தது. விரல் பிழைத்துக்கொண்டது. உணர்ச்சி போய்விட்டது. அதனால் ரோலின் ஓரத்தை இடது கட்டைவிரலால் அழுத்தி மூடுவாள். பார்க்கிறவர்களுக்கு அது ஏதோ தனிக் கைப்பக்குவம்போலத் தெரியும்.

ஆப்பிளைப் பொடியாக நறுக்கி, சர்க்கரை போட்டுச் சுருள வதக்கி, ஆறவைத்து, எவர்சில்வர் டப்பாவில் வீட்டிலிருந்தே கொண்டுவருவாள். சூடாக வைத்தால் ரோல் வாயைப் பிளந்துவிடும். ரொட்டித் துண்டின் ஓரங்களை வெட்டி, கட்டையால் தேய்த்து, ஒரு ஸ்பூன் பழம் வைத்து, மேலே பட்டைத்தூளைத் தூவுவாள். தூள் மூக்கில் ஏறும். ஒரு தரம் செருமுவாள். பிறகு சுருட்டி, பால் தொட்ட விரலால் ஓரத்தை மூடி, வெண்ணெய் தடவி, மூடிய பக்கம் கீழே இருக்கும்படி அடுக்குவாள். எட்டு நிமிடம். பாதியில் ஒருமுறை திருப்பிவிட வேண்டும்.

"எண்ணெய் ஒரு சொட்டு கூட வேண்டாம். குழந்தைங்க கேட்டு வாங்கிச் சாப்பிடுவாங்க. கொஞ்சம் ஆறட்டும், அவசரப்பட்டா நாக்கு போயிடும்."

இதே மூன்று வரிகள்தான், ஒரு நாளைக்கு நான்கு தரம்.

"வெண்ணெய் தடவுறீங்களே, அது எண்ணெயில சேராதா?" என்று யாராவது கேட்பார்கள். வாரத்துக்கு ஒருவராவது கேட்காமல் இருந்ததில்லை.

"அது சும்மா நிறத்துக்குங்க" என்பாள்.

ரோல்களை வெள்ளைத் தட்டில் அடுக்கியதும் முதல் வேலை போட்டோ எடுப்பது. மேசை இழுப்பறையில் ஏஜென்சி கொடுத்த போன் இருக்கும். தட்டைப் படம் எடுத்து ஏஜென்சி சாருக்கு அனுப்ப வேண்டும். அனுப்பினால்தான் அவள் வேலைக்கு வந்ததாகக் கணக்கு. சேர்ந்த அன்று அவரை ஒரு தரம் பார்த்தாள். அதற்குப் பிறகு பார்க்கவில்லை. அவருக்குத் தெரிந்ததெல்லாம் தட்டும் ஆறு ரோலும்தான். ஒரு நாள் படம் வராவிட்டால் இன்னொரு ஆள். அது சேரும்போதே சொன்ன விதி. போன மாதம் அவர் எழுதியிருந்தார்: 'ரோல் முன்ன மாதிரி வரல. இப்படியே போனா ஆள மாத்த வேண்டியிருக்கும்.' அன்று இரவு அவள் அதைக் கணவனிடம் சொல்லவில்லை. அவன் வேன் ஓட்டிக்கொண்டிருந்தவன். சர்க்கரை நோயில் கண் மங்கியபின் லைசென்ஸைப் புதுப்பிக்கவில்லை. மகள் பன்னிரண்டாவது படிக்கிறாள். வீட்டில் வேலைக்குப் போகிறவள் அவள் ஒருத்திதான்.

அந்தப் பெண் வர ஆரம்பித்தது மழைக்காலத்தில். தினமும் பதினொரு மணி நிகழ்ச்சிக்கு வருவாள். ஃபிரையர் அக்காவின் உயரம், ஏறக்குறைய அதே வயது. தோளில் ஒரு துணிப்பை. கூட்டத்தில் முதல் வரிசையில் நின்று கடைசிவரை பார்ப்பாள். தட்டில் இடமிருந்து இரண்டாவது ரோலை எடுத்து, அதன் நுனியைப் பிரித்து, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டு மெதுவாகச் சாப்பிடுவாள். விலை கேட்க மாட்டாள். போய்விடுவாள்.

சலவை இயந்திரங்களை விற்கும் பையனுக்கு ட்ரம் என்று பெயர் வைத்திருந்தார்கள். வாய் நிற்காது. "அக்கா, உங்க ரசிகை வந்தாச்சு" என்பான். "எனக்கும்தான் இருக்காங்களே, மெஷின் மேல குழந்தைய உட்கார வச்சுட்டு போன் பேசுறவங்க."

ஃபிரையர் அக்கா சிரித்தாள். ஆரம்பத்தில் அது பெருமையாகக்கூட இருந்தது. அந்தப் பெண்ணுக்குத் தன் மனதுக்குள் பதினொரு மணி என்று பெயர் வைத்தாள்.

இரண்டு மாதம் போனது. ஒரு நாள் 'குழந்தைங்க கேட்டு வாங்கி' என்று அவள் சொல்லும்போது, முன்வரிசையில் உதடுகள் அசைவதைப் பார்த்தாள். சத்தம் வரவில்லை. அவளுடைய சொல்லுக்குச் சொல் அந்த உதடுகள் பொருந்தின. அடுத்த வாரம் அந்தப் பெண் கொண்டையை உயர்த்திப் போட்டு அவளைப் போலவே பழுப்பு கிளிப் மாட்டியிருந்தாள். அதற்கும் அடுத்த வாரம், சாப்பிட்டு முடித்துக் காகிதக் கைத்துடைப்பானைச் சுருட்டி, ஓரத்தை இடது கட்டைவிரலால் அழுத்தினாள். வலது கை சும்மாதான் இருந்தது. அந்தக் கட்டைவிரலில் ஒரு கீறல்கூட இல்லை.

ஃபிரையர் அக்கா கேட்டுவிட்டாள்.

"வீட்டுல மெஷின் வச்சிருக்கீங்களா?"

"இல்லக்கா."

"அப்புறம் தினமும் வந்து பாக்கிறீங்களே."

"செஞ்சு பாக்கிறேன்."

"மெஷின் இல்லாமயா?"

"வெறும் கையால" என்றாள் பதினொரு மணி. கேட்டதற்குப் பதில், அவ்வளவுதான் என்பதுபோலச் சொன்னாள். "மேசைகிட்ட நின்னு. எட்டு நிமிஷம் காத்திருந்து."

அன்று மதியம் அதை ட்ரம்மிடம் சொன்னாள். "பைத்தியம்போல இருக்கு, பாவம்" என்றான் அவன். அவளுக்கு அப்படித் தோன்றவில்லை. பைத்தியத்துக்கு இவ்வளவு பொறுமை இருக்காது.

காய்ச்சல் வந்தது ஒரு திங்கட்கிழமை. காலையில் எழுந்து ஆப்பிளை நறுக்க உட்கார்ந்தவள் கத்தியோடு அப்படியே சாய்ந்துவிட்டாள். ஏஜென்சி சாரைக் கூப்பிட வேண்டும் என்று நினைத்தாள். கூப்பிட்டால் இன்னொரு ஆளைப் போடுவார். கூப்பிடாவிட்டாலும் போடுவார். இன்னும் அரை மணி கழித்துக் கூப்பிடலாம் என்று கண்ணை மூடினாள். திறந்தபோது இருட்டியிருந்தது. மறுநாளும் அப்படியே போனது.

செவ்வாய் மாலை மகள் பள்ளியிலிருந்து வந்து பையைக்கூட இறக்காமல் கட்டிலருகே நின்றாள்.

"நீ எப்பம்மா வந்த?"

"எங்கருந்துடி?"

"கடையிலருந்து."

மேம்பாலத்தில் பஸ் ஏறும்போது கடையின் இரண்டாவது மாடிக் கண்ணாடி நேருக்கு நேராக வரும். மகள் தினமும் அங்கிருந்து கையசைப்பாள். அம்மா முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பாள், ஒருநாளும் திரும்பியதில்லை.

"இப்பதான் பார்த்தேன். நாலு மணி ரோல் போட்டுட்டு இருந்த. முதுகுதான் தெரிஞ்சுது. ஆனா நீதான்."

"உங்கம்மா காலையிலருந்து இங்க முனகிட்டு இருக்கா" என்றான் கணவன், நாற்காலியிலிருந்தபடியே. "எனக்குக் கண்ணுதான் போச்சு. காது இருக்கு."

"இல்லப்பா. கொண்டை, கிளிப்பு எல்லாம் அம்மாதான்." மகள் குனிந்து அவள் நெற்றியைத் தொட்டாள். தொட்ட கையை உடனே எடுக்கவில்லை. இது அம்மாதானா என்று உறுதி செய்துகொள்வதுபோல இருந்தது.

புதன்கிழமை உடம்பு வெடவெடவென்றுதான் இருந்தது. இருந்தாலும் போனாள். வேலை போயிருக்கும், இழுப்பறையில் இருக்கும் போனை ஒப்படைத்துவிட்டு வரலாம் என்றுதான் போனாள்.

மேசை பளிச்சென்று துடைத்திருந்தது. ஏப்ரன் அவள் மடிக்கும் மடிப்பில் மடித்து, அவள் வைக்கும் இடத்தில் இருந்தது. அவள் கேட்பதற்கு முன்பே ட்ரம் வந்தான்.

"உடம்பு எப்படிக்கா இருக்கு? நீங்க அனுப்பின ஆள் நல்லா சமாளிச்சாங்க."

"நான் யாரையும் அனுப்பலையே."

"உங்க ரசிகைதான்க்கா. அக்காவுக்கு முடியல, நான் நிக்கிறேன்னு சொன்னாங்க. எது எங்க இருக்குன்னு எல்லாம் தெரிஞ்சிருந்துச்சு. நான் நம்பிட்டேன்."

"எனக்கு முடியலன்னு அவங்களுக்கு யார் சொன்னா?"

ட்ரம் யோசித்தான். "தெரியலயே. அக்கா, ஒண்ணு சொன்னா நம்ப மாட்டீங்க. பட்டைத்தூள் போடும்போது நீங்க ஒரு தரம் செருமுவீங்கல்ல? அதே இடத்துல செருமினாங்க. அந்தப் பக்கம் திரும்பி நின்னுட்டு இருந்தேன், நீங்கதான் வந்துட்டீங்கன்னு நினைச்சேன்."

"பழத்துக்கு என்ன பண்ணாங்க?"

"பையிலயே டப்பா இருந்துச்சே. உங்களோடது மாதிரியே. வதக்கி ஆறவச்சு ரெடியா."

அவள் ஸ்டூலில் உட்கார்ந்தாள். அந்தத் துணிப்பை கண்ணில் வந்தது. மழைக்காலத்திலிருந்து ஒரு நாள் விடாமல் அந்தப் பை அவள் முன்னால் தொங்கியிருக்கிறது. ஒரு நாள் விடாமல் அதில் டப்பாவும் இருந்திருக்க வேண்டும்.

இழுப்பறையைத் திறந்து போனைப் பார்த்தாள். திங்கள் நான்கு படம். செவ்வாய் நான்கு படம். சரியான நேரத்துக்குப் போயிருந்தன. ரோல்கள் ஒரே நிறத்தில், ஒரே பருமனில், ஒன்றையொன்று தொடாமல் கிடந்தன. இதை எங்கோ பார்த்திருக்கிறோம் என்று தோன்றியது. போனில் பின்னோக்கிப் போனாள். இரண்டு வருடத்துக்கு முன், சேர்ந்த முதல் மாதத்துப் படங்களில் நின்றாள். அந்த மாதம் பயத்தோடு பார்த்துப் பார்த்துச் செய்த அவளுடைய ரோல்கள். இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். தேதி மட்டும்தான் வேறாக இருந்தது.

நேற்று மாலை ஏஜென்சி சார் எழுதியிருந்தார்: 'ரொம்ப நாளைக்கு அப்புறம் பழையபடி இருக்கு. இதையே கெட்டியா பிடிச்சுக்குங்க.'

பத்தேமுக்காலுக்கு அந்தப் பெண் வந்தாள். மேசைக்குப் பின்னால் ஆள் இருப்பதைப் பார்த்ததும் நின்றாள். முகத்தில் ஏமாற்றம் எதுவும் இல்லை.

"வந்துட்டீங்களா" என்றாள்.

"யாரக் கேட்டு இங்க நின்னீங்க?"

"யாரையும் கேக்கலக்கா. பதினொண்ணு ஆயிடுச்சு. யாரும் நிக்கல."

"நிக்கலன்னா? உங்களுக்கென்ன?"

அந்தப் பெண்ணுக்குக் கேள்வி விளங்கவில்லை போலிருந்தது. ஆளில்லாமல் எரிகிற அடுப்பை ஏன் அணைத்தாய் என்று கேட்டதுபோல விழித்தாள்.

"என் பொழப்புல கை வைக்காதீங்க. எனக்கு வீட்டுல ரெண்டு பேர் இருக்காங்க."

"சரிக்கா" என்று சொல்லி, பையைத் தோளில் சரிசெய்துகொண்டு, முதல் வரிசையில் வழக்கமான இடத்துக்குப் போய் நின்றாள்.

அன்றைக்கு ஃபிரையர் அக்கா உயிரைக் கொடுத்துச் செய்தாள். ரொட்டியை ஒரே கனத்துக்குத் தேய்த்தாள். பழத்தை வழித்து அளந்தாள். ஓரத்தை இரண்டு தரம் அழுத்தி மூடினாள். சுற்றியிருந்த தொலைக்காட்சிகள் அத்தனையிலும் ஒரே மீன் ஒரே பக்கமாக நீந்திப் போனது. பட்டைத்தூளைத் தூவினாள். செருமல் வரவில்லை. வரட்டும் என்று ஒரு நொடி காத்திருந்தாள். பிறகு வேண்டுமென்றே செருமினாள். அது அவள் காதுக்கே வேறு யாரோ செருமியதுபோலக் கேட்டது.

எட்டு நிமிடம் கழித்துத் தட்டில் ஆறு ரோல். கூட்டம் எடுத்துக்கொண்டது. அந்தப் பெண் தட்டருகே வந்து, இடமிருந்து இரண்டாவதைப் பார்த்தாள். அதன் நுனியைத் தொட்டாள். கையை எடுத்துக்கொண்டாள்.

"இன்னைக்கு வேண்டாம்க்கா" என்றாள். குரலில் குத்தல் இல்லை. உடம்பு சரியில்லாதவரிடம் பேசுவதுபோல இருந்தது. போகவும் இல்லை. சலவை இயந்திர வரிசையின் கோடியில், யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் ஒதுங்கி நின்றாள்.

கூட்டம் கை வைப்பதற்கு முன்பே படம் போயிருந்தது. இரண்டு நிமிடத்தில் போன் அதிர்ந்தது.

'இன்னைக்கு யார் செஞ்சது?'

அவள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். ஆறு ரோலையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஒன்றும் பிளக்கவில்லை. ஒன்றும் கருகவில்லை. என்ன குறை என்று தெரியவில்லை.

'நான்தான் சார்' என்று அடித்தாள். அனுப்பாமல் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்கு என்ன பதில் வரும் என்று போன மாதமே அவர் எழுதிவிட்டார். வீட்டில் கணவன் ரேடியோவின் காதைத் திருகிக்கொண்டிருப்பான். மகளுக்குப் பரீட்சைக்கு இன்னும் மூன்று மாதம் இருந்தது.

எழுத்துகளை ஒவ்வொன்றாக அழித்தாள். பிறகு அடித்தாள்: 'வேற ஆள் நின்னாங்க சார். எனக்கு உடம்பு சரியில்ல. நாளைக்கு நான் வந்துடுவேன்.'

உடனே பதில் வந்தது.

'சரி. அந்த ஆள இனிமே மேசைகிட்ட விடாதீங்க.'

'சரி சார்' என்று அனுப்பிவிட்டு, வரிசையின் கோடியில் நின்றவளைப் பார்த்துக்கொண்டே அவள் ஏப்ரன் முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தாள்.