றபீக்காவின் பேச்சு நின்ற இடம்

ஏறாவூரில் றபீக்காவின் தையல் மெஷின் ஓயாது. வாப்பா மௌத்தாகி அடக்கம் முடிந்த பிறகு அந்த மெஷினை மிதித்தே தங்கச்சி நஸீபாவுக்குக் கல்வீடு கட்டினாள். பெண்ணுக்கு வீடு கொடுக்காமல் அந்தப் பக்கத்தில் கல்யாணப் பேச்சே எழாது. ஆம்பிளைத் துணையில்லாமல் இவளாவது வீடாவது என்று சிரித்த வாயெல்லாம் கடைசியில் அந்த வீட்டு வாசலில்தான் கல்யாணச் சோறு தின்றன. நல்லாத் தின்னட்டும்!

இப்போது பாசிக்குடா ஹோட்டல் ஒன்றில் வரவேற்பு மேசை வேலைக்குக் கேட்டிருக்கிறாள். அதற்கு ஆங்கிலச் சான்றிதழ் வேண்டும். பரீட்சையில் இடையில் நின்றுவிடாமல் பேசவேண்டும்; நின்றால் சான்றிதழும் இல்லை, வேலையும் இல்லை.

புளியந்தீவில் பெரியவர்களுக்கு ஆங்கில வகுப்பெடுக்கும் ஜெயந்தன் ஒருநாள் ‘சோக் அப்’ (choke up) என்று எழுதி உதாரணம் கேட்டார். றபீக்கா முந்திக்கொண்டு, தொண்டையில் மீன்முள் சிக்கிய கதையைச் சொன்னாள். வகுப்பே சிரித்தது. முள்ளுக்கு இது சரிவராது, மனசு திடீரென்று பொங்கித் தொண்டையை அடைத்து, பேச்சு வராமல் போவதற்குத்தான் இது என்றார் ஜெயந்தன். துக்கத்துக்கும் சொல்லலாம், பெருமைக்கும் சொல்லலாம். அப்படிப் பொங்குவதெல்லாம் தனக்கு வராது என்று றபீக்கா நினைத்துக்கொண்டாள்.

பரீட்சைக்குக் கொழும்பிலிருந்து ஒரு மேடம் வந்திருந்தார். றபீக்கா வீடு கட்டிய கதையை எடுத்தாள். மேசனோடு சண்டை பிடித்தது, மாரி மழைக்கு முன் கூரை போட்டது எல்லாம் தங்குதடையில்லாமல் வந்தன. புது வீட்டுக் கதவின் திறப்பை நஸீபாவின் கையில் வைத்த இடத்தில் குரல் நின்றுவிட்டது. மேடம் மணிக்கூட்டைப் பார்த்தார். பாடமாக்கியதை மறந்துவிட்டாள் என்று நினைத்து, பக்கத்தில் இருந்த ஜெயந்தன் அடுத்த சொல்லை எடுத்துக்கொடுக்க வாய்திறந்தார். றபீக்கா கையைக் காட்டி அவரைத் தடுத்தாள்.

“மறக்கல்ல சேர்,” என்றவள் மேடத்திடம் திரும்பினாள். “சொறி மேடம். ஐ ஆம் சோக்ட் அப்.”

பிறகு கண்ணைக்கூடத் துடைக்காமல் மிச்சத்தைச் சொல்லி முடித்தாள்.

பாடமாக்கிக்கொண்டு வருகிறவர்களுக்கு இந்த இடத்தில் நிற்கத் தெரியாது என்று சொல்லி, மேடம் அவளைப் பரீட்சையில் சித்தியடைய வைத்தார். எழும்பப்போனவர், எதையோ யோசித்துத் தமிழிலேயே கேட்டார்.

“தங்கச்சிக்குக் குடுத்திட்டீங்க. அப்ப உங்கட வீடு?”

இத்தனை காலத்தில் யாரும் அவளிடம் அதைக் கேட்டதில்லை. றபீக்கா நிமிர்ந்து நின்றாள்.

“இந்த வேலை கிடைச்சதும் அத்திவாரம் வெட்டுவன், மேடம். அதையும் நான்தான் கட்டுவன்.”